உச்ச நீதிமன்றத்துக்கு எந்தப் பரீட்சை எழுதணும்?

அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் டீ குடிக்கும்போது கேட்டதும், தபாலில் வந்ததுமாக இந்த வாரம் நான்கு கேள்விகள்.

என் மகள் சேலத்தில் சட்டம் படிக்கிறாள். உச்ச நீதிமன்ற நீதிபதியாக எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? (ஓமலூர் வாசகி)

பரீட்சையும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. உயர் நீதிமன்ற நீதிபதியாக 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அல்லது உயர் நீதிமன்ற வக்கீலாக 10 ஆண்டு. சட்ட மேதை என்று மூன்றாவது வாசல் ஒன்றும் உண்டு. அதன் வழியாக இதுவரை ஒருவரும் உள்ளே போனதில்லை!

மகளிடம் ஆர். பானுமதியைப் பற்றிச் சொல்லுங்கள். ஊத்தங்கரைக்காரர், அந்த ஊர் 1965 வரை நம் சேலம் ஜில்லாதான். 1988-ல் மாவட்ட நீதிபதி, 2003-ல் உயர் நீதிமன்றம், 2014-ல் டெல்லி உச்ச நீதிமன்றம். கணக்குப் போட்டால் 26 வருஷம்.

நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? (ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்)

எங்கும் இல்லை. அரசியலமைப்பின் 124-வது பிரிவு, ஜனாதிபதி நீதிபதிகளைக் 'கலந்தாலோசித்து' நியமிப்பார் என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் இத்தனை வழக்கும். 1981 தீர்ப்பில் அரசின் கை ஓங்கியது. 1993-ல், கலந்தாலோசனை என்றால் நீதிபதிகளின் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. 1998-ல் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் சேர்ந்து பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் குழு, அதாவது கொலிஜியம், உறுதியானது. அதற்கு மாற்றாக வந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-க்கு 1 என்று ரத்து செய்துவிட்டார்கள். நம் தோட்டத்துக் காப்பிக்கு நாமே மார்க் போடுகிற மாதிரிதான், சந்தேகமில்லை. ஆனால் 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி நான்காமவரை அரசு தலைமை நீதிபதி ஆக்கியதைப் பார்த்தவன் நான். இரண்டில் கொலிஜியமே தேவலை என்பேன்.

கொலிஜியம் சொன்ன பெயரை அரசு மறுக்க முடியுமா? (ஆத்தூர்)

திருப்பி அனுப்பலாம். கொலிஜியம் ஒருமனதாக மறுபடி அதே பெயரைச் சொன்னால் நியமித்தாக வேண்டும். எத்தனை நாளுக்குள்? அதற்குத்தான் கெடு இல்லை. ஃபைல் சட்ட அமைச்சகத்தில் படுத்தே கிடக்கலாம். கடைசியில் ஜனாதிபதி கையெழுத்திடும் நியமனக் காகிதத்துக்கு வாரண்ட் என்று பெயர். போலீஸ் கொண்டுவருவது வேறு!

நீதிபதிக்கு ஓய்வு எத்தனை வயதில்? எங்கள் பாகப்பிரிவினை கேஸில் இதுவரை நான்கு பேர் மாறிவிட்டார்கள். (அம்மாப்பேட்டை)

உச்ச நீதிமன்றத்தில் 65, உயர் நீதிமன்றத்தில் 62. உங்கள் கேஸுக்கு வயது என்ன என்று எழுதவில்லையே?