புதிய நண்பருடன் உறைந்த ஏரியில் பெர்ச் மீன் பிடிக்கப் போகிறேன். எப்படித் திட்டமிடுவது?

கோடையில் கரையோரத்தில் அறிமுகமான ஒருவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து பெர்ச் பிடிக்கலாம் என்று அழைத்திருக்கிறார். எந்தத் தூண்டில், எந்த இரை, எந்த இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இருவரில் யார் "திரும்பிவிடலாம்" என்று சொன்னாலும் மற்றவர் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும். இதை ஏரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பேசக்கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாளே தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள்.

பல வருடம் பழகியவரிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது, இதற்கு மேல் வரமாட்டேன்" என்று சட்டென்று சொல்லிவிடலாம். புதியவரிடம் சொல்ல நா எழாது. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறாரே, நம்மைக் கோழை என்று நினைத்துவிடுவாரோ என்று தயங்குவோம். அந்தப் பக்கம் அவரும் அதே தயக்கத்தில் இருப்பார். இப்படி இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் தைரியசாலியாக நடித்துக்கொண்டு மெல்லிய பனிக்கட்டிமேல் நடந்து போவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அனுபவம் உள்ளவர் அவர், நீங்கள் புதியவர் என்றாலும் இந்த விதி மாறாது. அனுபவசாலி என்று சொல்லிக்கொள்பவர் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தால், அவரோடு கோடையில் கரையில் நின்று மீன் பிடிப்பதே போதும் என்பது என் கட்சி.

அடுத்தது தடிமன். அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத்துறை, புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டியில் நடக்கக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்கிறது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனி ஆள் நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாகச் சேர்ந்து விளையாட 20 சென்டிமீட்டர் என்று இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் கண்டிப்பான கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தெளிவான, கறுப்பாகத் தெரியும் பனிக்கட்டிக்கான கணக்குதான். பால்போல வெளுத்திருப்பது பொழிந்த பனி நனைந்து மறுபடி உறைந்தது. அதற்குப் பாதி வலுதான், ஆகவே இரண்டு மடங்கு தடிமன் தேவை. ஏரியின் மேல் பனி கனமாகப் படிந்திருந்தால் பலம் கூடியிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அந்தப் பனி குளிரைத் தடுத்து, கீழே உறைவதை மெதுவாக்கிவிடும்.

கரையில் ஒரு துளை போட்டு அளந்துவிட்டு ஏரி முழுக்க அப்படித்தான் என்று முடிவுகட்ட முடியாது. ஓடை வந்து சேரும் வாய், பாலத்தின் அடி, நீரூற்று உள்ள இடம், நாணல் புதர் ஓரம், பனிக்கட்டிகள் ஒன்றையொன்று நெரித்து மேடு தட்டியிருக்கும் இடம், இவற்றிலெல்லாம் திடீரென்று மெலிந்துபோகும். முன்னால் போகிறவர் கையில் பனிக்கடப்பாரை இருக்க வேண்டும். ஓங்கி ஒரு குத்து, இரண்டடி நடை, மறுபடி குத்து. ஒரே குத்தில் தண்ணீர் மேலே வந்தால், வந்த தடத்திலேயே திரும்புங்கள். 150 அடிக்கு ஒரு துளை போட்டு அளந்துகொண்டே போகலாம். இருவரும் ஒட்டி நடக்காமல் பத்தடியாவது தள்ளி நடங்கள். பின்னால் வருபவரிடம் எறிகயிறு இருக்கட்டும். பனிக்கட்டி இடி முழக்கம்போல முழங்கும், சில நேரம் காலடியில் விண்ணென்று ஒரு ஒலி ஓடும். வெப்பநிலை மாறும்போது பரப்பு விரிந்து சுருங்குவதால் வரும் சத்தம் அது. முதல் முறை கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் இருவருமே இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால்? மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், தன் உடலையே பலமுறை குளிர்நீரில் அமிழ்த்தி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய 1-10-1 கணக்கு எல்லோரும் மனப்பாடம் செய்யத் தக்கது. மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். விழுந்ததும் செத்தோம் என்று பதறுகிறவர்கள் அந்த முதல் நிமிடத்தில்தான் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மூச்சு அடங்கியதும் வந்த திசைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் உங்களைத் தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. கழுத்தில் கயிற்றோடு தொங்கும் இரண்டு கூராணிகளைக் குத்திப் பிடித்து, காலை நீச்சலடிப்பதுபோல உதைத்து, வயிற்றால் ஊர்ந்து மேலே ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். ஆணி ஆளுக்கு ஒரு ஜோடி. பைக்குள் இருக்கும் ஆணி உதவாது. மிதக்கும் வகை உடை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, இல்லையென்றால் மேலுடைக்கு மேல் மிதவை அங்கி போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்னதால் பயந்துவிடாதீர்கள். மிச்சமெல்லாம் சந்தோஷமான சங்கதி.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இடத்துக்கு இடம் மாறும். பின்லாந்தில் பனித்துளை வழியாகச் சாதாரணத் தூண்டில் போட உரிமக் கட்டணம் கிடையாது. ஒன்டாரியோவில் உரிமம் வேண்டும், ஆனால் உறைந்த ஏரியில் ஒருவர் இரண்டு தூண்டில் வரை போடலாம். உயிருள்ள இரைமீனை ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அங்கே கட்டுப்பாடும் உண்டு. நண்பர் "போன வருடம் இப்படித்தான் செய்தேன்" என்று சொன்னாலும், இந்த வருட விதிப் புத்தகத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். அபராதம் உங்கள் பெயரில்தான் வரும்.

இனி மீன். வட அமெரிக்காவில் மஞ்சள் பெர்ச், ஐரோப்பாவில் அதன் நெருங்கிய உறவான ஐரோப்பிய பெர்ச். இரண்டுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணால் பார்த்து இரை தேடும் மீன், எனவே பகல் வேளைதான் அதற்கு. இருட்டியதும் கடி நின்றுவிடும். விடியும்போதே துளை தயாராக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஒரே அளவுள்ளவை கூட்டமாகச் சேர்ந்து திரியும். விரல் நீளக் குஞ்சுகளாகவே சிக்கினால் அந்தத் துளையில் பெரியது வரும் என்று காத்திருக்காதீர்கள், இடம் மாறுங்கள். ஏரி உறைந்த புதிதில் நீர்ச்செடிகள் பச்சையாக உள்ள ஆழமற்ற பகுதியில் இருக்கும். நடுக்குளிரில் ஆழத்துச் சேற்றுச் சமவெளிக்கு இறங்கி, சேற்றுக்குள் இருக்கும் பூச்சிப் புழுக்களைத் தின்னும். பெரிய ஏரிகளில் 20 முதல் 35 அடி ஆழத்தில் தேடலாம். குளிர் முடியும் தறுவாயில் முட்டையிடும் ஆழமற்ற இடங்களை நோக்கி மறுபடி நகரத் தொடங்கும்.

இந்த மீனுக்கு இரண்டு பேராகப் போவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது, பலர் அதை வீணடிக்கிறார்கள். அருகருகே உட்கார்ந்து ஒரே இடத்தில் இரண்டு தூண்டில் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாறாக, ஒருவர் ஆழமற்ற பக்கத்திலிருந்தும் மற்றவர் ஆழமான பக்கத்திலிருந்தும் ஒரே கோட்டில் துளைகளைப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஐந்தாறு துளை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம். கூட்டம் எங்கே இருக்கிறது என்பது பாதி நேரத்தில் தெரிந்துவிடும். ஒருவருக்குக் கடி கிடைத்ததும் மற்றவர் பக்கத்துத் துளைக்கு வந்துவிடலாம். ஒரு மீனைத் தூக்கியவுடனே மற்றவரின் இரை கீழே இருந்தால் கூட்டம் கலையாமல் நிற்கும். ஒலியலையால் கீழே உள்ள மீனைக் காட்டும் சோனார் கருவி ஒன்றிருந்தால் அதை இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிடுவது நல்லது, மீன் வந்த பிறகு பனிக்கட்டியைத் துளைக்கும் ஆகர் கருவியின் சத்தம் எதற்கு?

கருவிகளில் அதிகம் செலவழிக்க வேண்டாம். இரண்டடி நீளமுள்ள மெல்லிய கோல், 2 முதல் 4 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, கரண்டி வடிவச் சிறு போலி இரை ஒன்று, டங்ஸ்டன் ஜிக் (கனமான உலோகத் தலையுள்ள சிறு கொக்கி) இரண்டு மூன்று, அதில் குத்த மெழுகுப்புழு ஒரு டப்பி. ஆகர் 6 அங்குலம் போதும், பெர்ச்சுக்கு அதற்கு மேல் அகலத் துளை வெட்டுவது வீண் உழைப்பு. ஆகரை யார் கொண்டுவருவது என்று மட்டும் தெளிவாகப் பேசிவிடுங்கள். துளையில் சேரும் பனிக்கூழை அள்ளும் துளைக்கரண்டியை மறந்துவிடாதீர்கள்.

இரையை அடிமட்டம் வரை இறக்கிச் சேற்றில் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். கலங்கும் சேற்றைப் பார்த்து, புழு எழும்புகிறது என்று பெர்ச் கிட்டே வரும். பிறகு ஒரு முழம் உயர்த்தி அசையாமல் பிடியுங்கள். கடி பெரும்பாலும் அப்போதுதான் விழும். இழுப்பு என்று சொல்ல முடியாது. கோலின் நுனி ஒரு நூலிழை தாழும், அல்லது இரையின் பாரம் திடீரென்று காணாமல் போனதுபோல இருக்கும், ஏனென்றால் மீன் அதைக் கவ்விக்கொண்டு மேலே எழுந்திருக்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தூக்கினால் போதும். கோலின் வளையங்களில் பனி அடைத்துக்கொண்டால் இந்த நுட்பம் ஒன்றும் கைக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் நசுக்கி உதிர்த்துவிடுங்கள்.

எத்தனை மீன் எடுத்துப்போவது என்பதையும் முன்பே பேசுங்கள். பெர்ச்சின் காற்றுப்பை மூடிய வகை, காற்றைச் சட்டென்று வெளியேற்ற அதனால் முடியாது. 30 அடிக்கும் கீழிருந்து தூக்கினால் பை உப்பி, சில சமயம் இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். அந்த மீனை மறுபடி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆழத்தில் பிடித்து, சின்னதை விட்டுப் பெரியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த மீனுக்குக் கேடு. தேவையானது கிடைத்ததும் நிறுத்துங்கள், அல்லது ஆழமற்ற இடத்துக்கு நகருங்கள். நண்பர் எண்ணிக்கைக்காக மீன் பிடிப்பவரா என்பது இந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். எனக்கென்னவோ ஒருவரோடு தொடர்ந்து போகலாமா வேண்டாமா என்பதை இதை வைத்தே முடிவுசெய்யலாம் என்று தோன்றுகிறது.

உடையில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி. நடக்கும்போது ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பு வைப்பதாக இருந்தால் காற்றுத் துவாரம் திறந்தே இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கைப்பேசியை உள்பையில் உடலோடு ஒட்டி வையுங்கள், வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி படுத்துவிடும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று இருவர் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். பனிப்புயலில் கரை மறைந்துவிடும், திசைகாட்டி இருக்கட்டும்.

பிடித்ததை இருவரும் தனித்தனி வாளியில் போடுங்கள். பல இடங்களில் வரம்பு ஆளுக்கு இவ்வளவு என்று இருப்பதால், அதிகாரி வந்து கேட்டால் யாருடையது எது என்று காட்ட வேண்டும். மீன் கல்லாக உறைந்துபோனால் சதை பிரிக்கக் கஷ்டம், ஆகவே வாளியைக் கூடாரத்துக்குள் அல்லது காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். பெர்ச்சின் முதுகுத் துடுப்பில் ஊசிபோல முட்கள் உண்டு, செவுள் மூடியின் ஓரமும் கையைக் கீறும். தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி உள்ளங்கையைத் தடவிக்கொண்டு போனால் துடுப்பு மடங்கிவிடும், அப்புறம் இறுக்கிப் பிடிக்கலாம். செதில் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டி நேரத்தைப் போக்காமல் தோலோடு உரித்துவிடுவதுதான் சுலபம். சிறிய மீனில் இருபக்கமும் இரண்டு மெல்லிய துண்டுகள்தான் தேறும் என்பதால் வேலை அதிகம். ஒருவர் சுத்தம் செய்ய மற்றவர் வேடிக்கை பார்க்கும்படி ஆகாமல், இன்னொரு கூர்மையான கத்தியையும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.