சிமெண்ட் தளத்தில் நாட்டுக்கோழி: கேள்வி பதில்

கொல்லை முழுக்க சிமெண்ட் போட்ட வீடு, மொட்டை மாடி, கார் நிறுத்தும் இடம் என்று மண்ணே இல்லாத இடங்களில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, பின்பக்கம் முழுக்க சிமெண்ட். தினமும் கழுவிவிடச் சுலபம் என்று வெறுந்தரையில் விடலாமா? (தஞ்சாவூர்)

விடாதீர்கள். தினமும் கழுவினால் தரை காயவே காயாது. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வரும்; வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே அடுத்த கோழிக்குத் தொற்றத் தயாராகிவிடும். குஞ்சுகள்தான் முதலில் விழும்.

தரைமேல் கூளம் போடுங்கள். உங்கள் ஊரில் உமிக்கு என்ன பஞ்சம்? ரைஸ் மில்லில் மூட்டையாகவே கிடைக்கும். கடலைத்தொலி, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு எதுவும் ஆகும், காய்ந்திருந்தால் போதும். கூளம் சிதறாமல் இருக்க ஓரத்தில் இரண்டு வரிசை செங்கல் வையுங்கள். முதலில் மூன்று அங்குலம் பரப்பி, அழுக்காக ஆக மேலே புது உமி போட்டு ஆறு அங்குலம் வரை ஏற்றலாம். வாரத்தில் இரண்டு முறை அடிவரை கிளறிவிட வேண்டும். சாயங்காலம் ஒரு கை கம்பு தானியத்தை உமிமேல் வீசினால் பாதி வேலையைக் கோழிகளே பார்த்துக்கொள்ளும்.

ஈரம் பார்க்க ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கோழிகளை வெளியே விட்டுவிட்டு நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறுங்கள், புது உமி சேருங்கள். சுட்ட சுண்ணாம்பை அப்படியே போட்டால் கால் வெந்துபோகும்.

மாடியில் வைத்திருக்கிறோம். நாற்றம் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். (மதுரை)

தண்ணீர் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உமி நனைந்து கட்டிபிடித்திருக்கும், மூக்கைத் துளைக்கும் அமோனியா அங்கிருந்துதான் வரும். கட்டியை அள்ளிவிட்டு, தண்ணீர் டப்பாவைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஒரு கல்மேல் ஏற்றி வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு மோந்து பார்ப்பது போதாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் அந்தக் காற்றைத்தான் அவை இரவெல்லாம் சுவாசிக்கின்றன.

இன்னொன்று, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் கம்பிவலை போடுங்கள். உமி அடைத்தால் தண்ணீர் தேங்கி, கூளமும் தளமும் சேர்ந்து கெடும்.

சித்திரை, வைகாசி வெயிலை மாடியில் தாங்குமா? (வேலூர்)

வேலூர் வெயிலில் வெறும் தகரக் கூரை போட்டால் தாங்காது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் பொழுது சாய்ந்த பிறகும் அனலை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் இரவிலும் விடுதலை இல்லை. தென்னங்கீற்று வேயுங்கள், தகரம் இருந்தால் அதன்மேலும் கீற்றைப் பரப்புங்கள். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அந்த இரண்டு மாதமாவது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரச்சட்டத் தளம் அடித்துக் கொடுத்தால் அடியில் காற்று ஓடும். இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும் கோழிக்கு உடனே நிழலும் மண்பானைத் தண்ணீரும் கொடுங்கள்.

அசில் சேவல் நொண்டுகிறது. உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கறுப்பாகப் பொருக்கு. (பொள்ளாச்சி)

கெட்டித் தரையில் வளரும் கனமான கோழிகளுக்கு வருவதுதான். உயரத்திலிருந்து குதிக்கும்போது பாதத்தில் சிறு காயம் பட்டு, அதில் பாக்டீரியா புகுந்து சீழ் கட்டும். தொடக்கம்தான் என்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, பொவிடோன் அயோடின் தடவி, துணி சுற்றி, ஆழமான உமியில் தனியாக விடுங்கள். பிளேடை எடுத்து நீங்களே கீறாதீர்கள். வீக்கம் சூடாக இருந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உட்காரும் கம்பையும் ஒன்றரை அடிக்கு இறக்கிவிடுங்கள்.

கோழிகள் சுவரில் இருக்கும் சுண்ணாம்பைக் கொத்தித் தின்கின்றன. நோயா? (சிவகாசி)

நோய் இல்லை, பற்றாக்குறை. மண்ணில் மேயும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். சிமெண்ட் தளத்தில் அதையெல்லாம் நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். பல் இல்லாத கோழி இரையை அரைப்பது வயிற்றில் இருக்கும் சிறு கற்களால்தான். ஆகவே பருமணலில் ஒரு கிண்ணம்.

மூன்றாவது, புழுதிக் குளியல். பழைய டயரிலோ அகலமான தொட்டியிலோ காய்ந்த மண், மணல், அடுப்புச் சாம்பல் கலந்து நனையாத இடத்தில் வையுங்கள். ஒரு கோழி இறங்கி, பக்கவாட்டில் படுத்து, காலால் மண்ணை வாரி இறகுக்குள் தள்ளிக்கொள்ளும். பிறகு எழுந்து ஒரே உதறு. பேனும் செள்ளும் அடங்குவது அதில்தான். இதை ஒருமுறை பார்த்தவர்கள் மண் தொட்டி இல்லாமல் கோழி வளர்க்க மாட்டார்கள்.

அப்புறம் கீரை, கரையான். முருங்கைக் கொத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஊரில் தோட்டம் இருந்தால், பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் கிடைக்கும். பானையை வீட்டுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள், கதவு நிலையை அரித்துவிடும்.

கீரி, பெருச்சாளித் தொல்லை? (பட்டுக்கோட்டை)

அடியில் தோண்டி வர முடியாதது சிமெண்ட் தரையின் பெரிய நன்மை. பக்கவாட்டில் அரை அங்குல வெல்டிங் வலை போடுங்கள். சாதாரணக் கோழிவலையைக் கீரி கிழித்துவிடும்.

நூறு சதுர அடி இருக்கிறது. எத்தனை வைக்கலாம்? எந்த ரகம்? (கோவை)

மேய வெளியே விட முடியாத இடத்தில் ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது கொடுங்கள். கணக்குப்படி இருபத்தைந்து வரும். நான் பதினைந்தோடு நிறுத்தச் சொல்வேன். சிறுவிடை உடல் சிறியது, பாதத்துக்கும் பாரம் இல்லை. நன்றாகப் பறக்கும், அதனால் மேலேயும் வலை வேண்டும்.

மாடியில் வேறு கோழியே வராது. தடுப்பூசி அவசியமா? (திருச்சி)

அவசியம். வெள்ளைக் கழிச்சல் (ராணிகெட் நோய்) நம் செருப்போடும் வரும், சந்தையில் வாங்கிய ஒரு புதுக் கோழியோடும் வரும். முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சொட்டு மருந்து, எட்டாவது வார வாக்கில் இறக்கையில் ஊசி. இடையில் வேண்டியதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.