வளவை விற்காதீங்க அக்கா, முதலில் போத்தலைப் பாருங்க

போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தது. தாய், தகப்பன், மகன். மகனுக்கு உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. இரசாயனவியல் ஏ, பௌதிகவியல் சி, உயிரியல் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. "அழாதீங்க அக்கா, வழியிருக்கு" என்றேன்.

அந்த ஆறுதல் ஐந்து நிமிடம்தான். அவ ஒரு கோப்பைத் திறந்தா. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., முகவர் எழுதிக் கொடுத்த டொலர்க் கணக்கு. காசுக்கு என்ன வழி? மகளுக்கென்று வைத்திருக்கிற வளவை விற்பதாம். குடும்பத்தில் ஒரு டொக்டர் வேணும் என்று லண்டன் மாமா நாளாந்தம் போன் எடுக்கிறாராம். "மாமா பாதிக் காசு போடுவாரா?" என்றேன். தகப்பன் நிலத்தைப் பார்த்தார்.

எங்கட பக்கத்தில் வளவும் வீடும் பொம்பிளைப் பிள்ளைக்கு. அண்ணன்காரன் விரும்பாத படிப்புக்கு அவளின் வளவு போகக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன். அங்கே முடித்து வந்தாலும் மருத்துவ சபையில் பதிய வெளிநாட்டில் படித்தவர்களுக்கெனத் தனிப் பரீட்சை இருக்கிறது. உயிரியலில் இரண்டு தரமும் எஸ் எடுத்த பிள்ளையை அந்த வரிசையில் எதற்கு நிறுத்துகிறீர்கள்?

"தம்பி, வீட்டில என்ன செய்வாய்?" என்று கேட்டேன். தாய் முந்திக்கொண்டா: "பழைய போன் உடைப்பான் சேர், குப்பை பொறுக்கிறவன் மாதிரி." அவன் பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். அடியில் நீலப்பச்சைத் தண்ணீர். மேலே சவ்வுபோல் மஞ்சள் துணுக்குகள். பழைய இரும்புக்கடையில் வாங்கிய கணினி ராம் அட்டைகளின் விளிம்பாம். செம்பின் மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிய பொன்பூச்சு. நைத்திரிக் அமிலம் செம்பையும் நிக்கலையும் கரைக்கும், பொன்னைத் தொடாது. கீழே பிடிப்பு இல்லாததால் பொன் கழன்று மிதக்கிறது என்றான். வகுப்பில் படித்ததை இவ்வளவு துலக்கமாகச் சொன்ன பிள்ளையைக் கண்டு கனகாலம்.

அதற்காகக் கைதட்டவில்லை. ஏசினேன். அதில் கிளம்பும் செம்பழுப்பு ஆவி நைதரசனீரொட்சைட்டு. சுவாசித்தால் அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். சில மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மிச்சத் தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்றால் வேலியோரமாம். நம் ஊர் மணல் தரை, ஆழமில்லாத கிணறு. இனி வீட்டில் இது வேண்டாம் என்று தகப்பன் முன்னாலேயே சத்தியம் வாங்கினேன்.

ஆனால் இந்தக் கைப்பழக்கம் ஒரு தொழில், அக்கா. நல்ல பொன்சுரங்கத்தில் ஒரு தொன் பாறைக்குச் சில கிராம்தான் கிடைக்கும். ஒரு தொன் பழைய கைபேசியில் 200 முதல் 300 கிராம் வரை இருக்கும். டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்கான 32 கிலோ பொன்னை, மக்கள் கொடுத்த 62 இலட்சம் கைபேசிகளிலிருந்தும் மற்றச் சாதனங்களிலிருந்தும்தான் எடுத்தார்கள். பெரிய ஆலைகளில் பழைய சாதனங்களின் மின்சுற்றுப் பலகைகளை உருகிய செம்போடு சேர்க்கிறார்கள். பொன், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் செம்புக்குள் இறங்கிவிடும். அந்தச் செம்பை அனோட்டாக வார்த்து மின்பகுப்புச் செய்தால் தூய செம்பு கதோட்டில் படியும். பொன்னும் வெள்ளியும் தொட்டியின் அடியில் கறுத்த சேறாகத் தங்கும். உங்கள் மகன் ஏ எடுத்த பாடத்தில் இருக்கிற அதே மின்பகுப்பு. தொழிற்சாலைக் கழிவும் அப்படித்தான்: கைபேசித் திரைக்கு வேண்டிய இந்தியம் என்ற உலோகத்துக்கெனத் தனிச் சுரங்கம் இல்லை, நாக (துத்தநாக) உருக்காலையின் எச்சத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

இதில் யாரும் கவனிக்காத வேலை ஒன்றுண்டு: மாதிரி எடுப்பதும் பகுப்பாய்வும். ஒரு தொன் பலகைக் குவியலில் பொன் எத்தனை கிராம் என்று விற்பவரும் வாங்குபவரும் இழுபறிப்படுவார்கள். குவியலை அரைத்து, கலந்து, நாலாகப் பிரித்து, கடைசியில் ஒரு கரண்டித் தூளைச் சோதித்து எண் சொல்பவரின் கையில் அந்தப் பேரம் நிற்கும். நகைப் பட்டறை மண்ணை விலைபேசி வாங்கி அரிக்கிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே கணக்கு, ஆய்வுகூடத்தில்.

மொறட்டுவைப் பொருள் விஞ்ஞானப் பொறியியலுக்குக் கணிதப் பிரிவு வேண்டும், அதை விடுங்க. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தை விண்ணப்பத்தில் கட்டாயம் போடுங்க. படிப்புக்குக் கட்டணமில்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டதாரிப் பாடநெறி, நான்கு வருடம். கட்டணம் உண்டு, ரூபாயில். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், ஆகவே இன்றைக்கே தொடங்கட்டும். இங்கே பெரிய உருக்காலை கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. பட்டத்தோடு ஜப்பான் அரசின் மொம்புக்ககக்குஷோ புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு முயல வேண்டிவரும்.

எழும்பும்போது தாய் கேட்டா: "சொந்தக்காரர் என்ன படிக்கிறான் என்று கேட்டா என்ன சேர் சொல்ல?"

"இரசாயனவியல் என்று சொல்லுங்க. லண்டன் மாமாட நம்பரைத் தாங்க, அவரோட நான் கதைக்கிறன்."

போத்தல் என் அலுமாரியில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் யாராவது பொறுப்பெடுக்கும்வரை திருப்பித் தரமாட்டேன் என்று பொடியனிடம் சொல்லியிருக்கிறேன்.