ஸ்பாஞ்ச் துணி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? துடைப்பதைத் தவிர அதை வைத்து என்ன செய்யலாம்?

சமையல் மேடை துடைக்க வாங்குகிறோமே, காய்ந்தால் அட்டை போல விறைத்தும் நனைந்தால் மெத்தென்றும் இருக்கும் சதுரத் துணி, அதுதான் ஸ்பாஞ்ச் துணி. மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸும் பருத்தி இழையும் கலந்தது. 1949-இல் ஸ்வீடன் பொறியாளர் கர்ட் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கினார்.

செல்லுலோஸ் இயல்பாகவே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் துணி முழுக்க நுண்துளைகள். அகல்விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல அவை நீரை இழுக்கின்றன.

இந்தத் திரிக் குணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்குப் போகும் முன் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நறுக்கி நனைத்து, ஒரு முனையை வாளித் தண்ணீரில் போட்டு மறுமுனையைத் துளசித் தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். மண்ணுக்கு ஈரம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும்.

பிள்ளைகளுக்கு மீன், இலை, மாங்காய் வடிவில் வெட்டிக் கொடுங்கள். போஸ்டர் கலரில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றினால் அழகான அச்சு விழும். காய்ந்திருக்கும்போதே வெட்டுங்கள், நனைந்தால் கத்தரி வழுக்கும். ஓரத்தில் நூல் பிரியாததால் தையல் வேலையும் இல்லை. கொத்தமல்லி டப்பாவின் அடியில் புதுத் துணி ஒன்றை விரித்தால் கசியும் ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

விறைத்துப்போனதும் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். அது வெறுமனே காய்ந்திருக்கிறது, தண்ணீரில் நனைத்தால் உடனே இளகிவிடும்.