இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிடும் வண்டி: இன்ஜினில் போர் வேலை செய்ய வேண்டுமா?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “என்னிடம் 12 ஆண்டுகள் ஓடிய 100 சிசி வண்டி உள்ளது, கார்புரேட்டர் வைத்தது. ஐப்பசி மழையில் மூன்று வாரம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் நின்றது. அதன் பிறகு காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் போனதும், நீடாமங்கலம் ரயில்வே கேட் வருவதற்குள், இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறப்போட்டால் மீண்டும் ஓடுகிறது. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று. இப்போது இன்ஜினைப் பிரித்துப் போர் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா? சென்ற வாரம் டேங்கை நிரப்பியதிலிருந்து தொல்லை இன்னும் கூடியிருக்கிறது.”

போர் வேலைக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போடும் வேலைக்கு, இப்போது சம்மதிக்க வேண்டாம். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்த இன்ஜினில் அழுத்தம் குறைந்திருக்கும். அது குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் ஆக அதிகம் அடம்பிடிக்கும், சைலன்சரில் நீலப்புகை விடும், ஆயிலைக் குடிக்கும். உங்கள் வண்டியோ காலைக் குளிரில் ஒரே உதையில் கிளம்புகிறது. புகையைப் பற்றியோ ஆயில் குறைவதைப் பற்றியோ நீங்கள் எதுவும் எழுதவில்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது சரியாக இருந்தால் இன்ஜினைப் பிரிப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

கடிதத்தின் கடைசி வரியாக நீங்கள் சேர்த்த செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். டேங்க் நிரம்பிய பிறகு கோளாறு கூடியது என்றால், பார்வை இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்ப வேண்டும். “ஆறப்போட்டால் ஓடுகிறது” என்ற அனுபவம் பெரும்பாலோரைச் சூட்டின் பக்கமே தள்ளிவிடுகிறது. ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் சூடாகிறது, இன்ஜின் சூடாகிறது என்று ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இன்ஜின் ஆறுவது மட்டும் நடப்பதில்லை. கார்புரேட்டரின் அடியிலுள்ள பவுலில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மீண்டும் நிறைவதும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. எது வண்டியை உயிர்ப்பித்தது என்பதைக் காத்திருத்தல் மட்டும் காட்டிக்கொடுக்காது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 மில்லிலிட்டர் பெட்ரோலைச் செலவழிக்கும். பவுலில் 30 மில்லி இருப்பதாக வைத்துக்கொண்டால், மேலிருந்து வரத்து அடியோடு நின்றுபோனாலும் வண்டி இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும். அதாவது ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் கடந்துவிடும். வரத்து முழுவதும் நிற்காமல் சிறுகச் சிறுகக் குறைந்தால் அந்தத் தூரம் இரண்டு, இரண்டரை என்று நீளும். நீங்கள் எழுதியிருக்கும் தூரமும் அதுவே.

டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. இறங்கும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் ஒரு நுண்ணிய காற்றுத் துளை இருக்கிறது. அந்தத் துளை அடைபட்டால் டேங்கின் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுகத் திணறுவதைப் போன்றது இது. டேங்குக்கும் பவுலுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் உயரம் இருப்பதாகக் கொண்டால், உள்ளே காற்றழுத்தம் சுமார் ஒன்றரை விழுக்காடு குறைந்தாலே ஓட்டம் நின்றுபோகும். டேங்க் காலியாக இருந்து, மேலே 8 லிட்டர் காற்று இருந்தால், அந்த அளவுக்கு அழுத்தம் குறைய 100 மில்லிக்கு மேல் பெட்ரோல் வெளியேற வேண்டும். டேங்க் நிறைந்திருந்து காற்று ஒரு லிட்டர்தான் என்றால் 15 மில்லி வெளியேறினாலே போதும். நிரப்பிய பிறகு தொல்லை ஏன் கூடியது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. வெயில் காலத்தில் பெட்ரோல் ஆவி உள்ளே அழுத்தத்தை ஏற்றி இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும் என்பதால், மழைக்கால வண்டிகளில் இது பளிச்சென்று தெரியும்.

மூன்று வாரம் அசையாமல் நின்ற வண்டியில் துளை அடைபடுவது நம் பகுதியில் அரிதல்ல. குளவி இருக்கிறதே, அதற்கு வண்டியின் சிறு துளைகள் எல்லாம் கூடு கட்டத் தோதான இடம். சாவித் துவாரம், கார்புரேட்டரின் காற்றுக் குழாய், மூடியின் துளை என்று எதையும் மண் வைத்து அடைத்துவிடும். சாய்ப்பில் விழும் வைக்கோல் தூசியும் மழை ஈரமும் சேர்ந்து களியாகி உறைவதும் உண்டு.

ஆயினும் என் ஊகத்தை நம்பி நீங்கள் மூடியை மாற்ற வேண்டாம். சோதித்துப் பாருங்கள், ஒரு கண்ணாடி பாட்டிலும் சிறிய இடுக்கியும் போதும். இன்ஜின் முற்றும் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். இதில் எந்தச் சலுகையும் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் செருகியிருக்கும் குழாயைக் கழற்றி, அதன் முனையைப் பவுல் இருக்கும் உயரத்திலேயே பாட்டிலுக்குள் பிடியுங்கள். டேங்க் மூடி பூட்டியபடியே இருக்கட்டும். இப்போது டேப்பைத் திறந்தால் பெட்ரோல் நூல் பிடித்தாற்போல் அறுபடாமல் விழ வேண்டும். தொடக்கத்தில் நன்றாக விழுந்து, சிறிது நேரத்தில் மெலிந்து சொட்டாகிவிட்டால், உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டு, பெட்ரோல் மறுபடியும் தாரையாக விழுந்தால் குற்றவாளி மூடியே. வேறு எதையும் தேடத் தேவையில்லை.

மூடி திறந்திருந்தும் தொடக்கத்திலிருந்தே சொட்டாகத்தான் விழுகிறது என்றால், டேப்பின் மேல் டேங்குக்குள் நிற்கும் வலை துருவாலும் கசடாலும் அடைபட்டிருக்கிறது, அல்லது குழாய் எங்கோ மடிந்திருக்கிறது. ரிசர்விலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து, பாட்டிலின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். பெட்ரோலைவிட நீர் கனமானது. இருந்தால் அடியில் குமிழ்களாகவோ தனி அடுக்காகவோ உருண்டு நிற்கும். இப்போது விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிவதற்கென்று ஒரு துவாரம் உண்டு. அது அடைபட்டால் நீர் தேங்கி, மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் கசிந்து உள்ளே இறங்கும். நீர் தெரிந்தால் டேங்கை முழுவதும் வடித்து, காய வைத்து, பவுலின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள். கார்புரேட்டரை மட்டும் இரண்டு முறை கழுவியும் பலனில்லாமல் போனதற்கு இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். மேலிருந்து வருவதைச் சரிசெய்யாமல் கீழே கழுவுவது, தலைப்பு மதகு அடைத்துக் கிடக்கும்போது வயலில் வாய்க்கால் வெட்டுவதற்கு ஒப்பாகும்.

மூடியைச் சுத்தம் செய்யும்போது ஒன்றை மறந்துவிட வேண்டாம். ஆணியை விட்டுக் குத்துவதோ, துளையைப் பெரிதாக்குவதோ தவறு. காற்று போகும் வழி உள்ளே வளைந்து நெளிந்து இருக்கும். பெட்ரோல் வெளியே சிந்தாமலும் மழைநீர் நேரே உள்ளே இறங்காமலும் காப்பது அந்த வளைவே. மூடியைக் கையில் எடுத்து, சிறிது பெட்ரோலில் ஊற வைத்து, பஞ்சர் கடைக் காற்றால் இரு பக்கமும் ஊதி, நன்றாக உலர்ந்த பிறகு பூட்டுங்கள்.

பாட்டில் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மின்சாரத்தின் பக்கம் போக வேண்டும். அதை வீட்டில் ஆறிய வண்டியில் பார்ப்பதில் பயனில்லை. சூட்டில் மட்டும் அறுபடும் காயில், பட்டறையில் நிறுத்தி ஆறிய பிறகு நல்ல பிள்ளையாக ஸ்பார்க் கொடுக்கும். ஆகவே பிளக் ஸ்பானரும், நீங்கள் கழற்றிய பழைய பிளக்கும், ஒரு துணியும் வண்டியிலேயே இருக்கட்டும். நின்ற இடத்தில் சாலையோரமாக ஒதுங்கி, டேப்பை மூடிவிட்டு, பிளக்கில் மாட்டியிருக்கும் கேப்பை உருவி, அதில் பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடலை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தமாக வைத்து உதையுங்கள். பிடிக்கும் கை கேப்பின் ரப்பர் மேலேயே இருக்க வேண்டும். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று தெறித்தால் ஸ்பார்க் நலம். ஸ்பார்க்கே இல்லையென்றால் இக்னிஷன் காயில், மேக்னெட்டுக்கு அருகிலிருக்கும் பல்சர் காயில், ஸ்பார்க்கின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி ஆகியவற்றில் ஒன்று சூட்டில் கைவிடுகிறது. ஸ்பார்க் சோதனை முடிந்த பிறகு, சூடு கையைச் சுடாதபடி துணியால் பிடித்து, உள்ளிருக்கும் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வறண்டிருந்தால் பெட்ரோல் எட்டவில்லை என்று பொருள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்று பொருள்.

வண்டி எப்படி நிற்கிறது என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி முதலில் இழுவை குறைந்து, விக்கி, சோக்கை இழுத்தால் சில நொடி சமாளித்து, பிறகே அடங்கும். மின்சாரம் அறுந்தால் விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நிற்கும். “இழுவை குறைந்து” என்று நீங்கள் எழுதிய சொல்லும் பெட்ரோலின் பக்கமே சாய்கிறது.

பெட்ரோல், மின்சாரம் இரண்டிலும் குறை இல்லையென்றால், வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டைப் பார்க்க வேண்டும். இடைவெளி குறைந்து டேப்பட் இறுகியிருந்தால், சூட்டில் வால்வு முழுதாக அமராமல் அழுத்தம் கசியும். நின்ற உடனே உதைத்தால் கிக்கர் வழக்கத்தைவிட இலகுவாக இறங்கும். ஆறிய பிறகு பழைய கனம் திரும்பிவிடும். இன்ஜினைப் பிரிக்காமலே, ஆறிய நிலையில் ஃபீலர் கேஜ் என்னும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு வைத்துச் செய்யும் வேலை இது. எவ்வளவு இடைவெளி என்பதை வண்டியின் கையேட்டில் உள்ளபடியே வைக்கச் சொல்லுங்கள். கொட்டகையை ஒட்டி நின்ற வண்டி என்பதால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி வைக்கோலைக் கொண்டுபோய் அடைத்திருக்கலாம், ஒயரையும் கடித்திருக்கலாம்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு வாங்கிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அவற்றில் பெரும்பாலானவை ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி ரீங்கரிக்க வேண்டும். இன்ஜின் விளக்கு ஓடும்போது எரிந்தால், கருவி வைத்துப் படிக்கும் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டுபோக வேண்டும். கியர் போட்டதும் நிற்கும் வண்டிகளில் சைடு ஸ்டாண்டு ஸ்விட்சில் சேறு படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மூடியைச் சுத்தம் செய்தபின் அவசரப்பட்டுக் குணமாகிவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். டேங்க் குறைந்திருக்கும்போது ஓட்டினால் கோளாறு மறைந்தது போலத் தோன்றும். டேங்கை அதன் அளவுக்கு நிரப்பிக்கொண்டு, மழை விட்ட குளிர்ந்த காலையில், ரயில்வே கேட்டைத் தாண்டி வலங்கைமான் சாலையில் ஒரு பத்து கிலோமீட்டர் நிறுத்தாமல் போய் வாருங்கள். அப்போதும் நின்றால், நின்ற இடத்தில் மூடியைத் திறந்தபோது காற்று ஓசை கேட்டதா, ஸ்பார்க் வந்ததா, பிளக் வறண்டிருந்ததா, கிக்கர் இலகுவாக இறங்கியதா என்ற நான்கையும் குறித்துவைத்து எழுதுங்கள். அவற்றைக் கொண்டு அடுத்து எதைப் பிரிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.