அடிமைப்பழக்க உளவியல்: எங்கே, எப்படிப் படிப்பது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வசிக்கிறேன். பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பாவின் குடியைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அடிமைப்பழக்க உளவியலில் மேற்படிப்பு படிக்க விரும்புகிறேன். ஓராண்டு ஆன்லைன் எம்.எஸ்சி. பற்றி வெளிநாட்டு விளம்பரம் ஒன்று பார்த்தேன். சேரலாமா?

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. முதலில் நேரடி வகுப்பில் பொது உளவியல் முதுகலை படியுங்கள். பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

ஆன்லைன் வகுப்பு ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்பார் ஆலோசனைக்கு வந்தவர். 180 மில்லி, 42.8 சதவீதச் சாராயச் சத்து. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம். 10 கிராமை ஒரு பங்கு மது எனக் கொள்ளும் உலக சுகாதார நிறுவன அளவுகோலில் அது ஆறு பங்கு! "நேற்றோடு நிறுத்திவிட்டேன்" என்றும் பெருமையாகச் சொல்வார். அப்போது அவர் கையில் இருக்கும் டீ தம்ளரைப் பாருங்கள். அது நடுங்கினால் ஆலோசனையை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். ஆனால், அந்தக் கையைக் கவனிக்கும் பழக்கம் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தினால்தான் வரும். ஊக்க நேர்காணலும் அப்படித்தான். 1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்த முறை அது. புத்தி சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்கி, மாற வேண்டிய காரணத்தைக் குடிப்பவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து, இந்தத் துறையில் இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை.

வேலையைப் பொறுத்தவரை, மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பணிக்குப் பெரும்பாலும் உளவியல் அல்லது சமூகப் பணிப் பட்டம் கேட்பார்கள். 'மருத்துவ உளவியலாளர்' என்று பதிவு பெற, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பு வேண்டும். அதற்கான எம்.ஃபில். சேர்க்கையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே நீட்டித்தது. ஆகவே நீங்கள் சேரும் ஆண்டில், அந்தப் படிப்பும் கல்லூரியும் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். நோயாளிகளோடு எத்தனை மணி நேரப் பயிற்சி, மேற்பார்வை யார் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

அடிமைப்பழக்கத்தில் தனித்தேர்ச்சி பெற அதன் பிறகு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களை நாடலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய் சிகிச்சையில் முன்னோடி. அங்கே பயிற்சி வாய்ப்பு உண்டா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எவ்வளவு படித்தாலும் அப்பாவுக்கு நீங்கள் ஆலோசகராக முடியாது. மகளாகத்தான் இருக்க முடியும். அவரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வர மறுத்தால், 14446 என்ற போதை மீட்புக்கான இலவச உதவி எண்ணில் நீங்களாவது பேசுங்கள். குடிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை.