அப்பா அம்மா இருவரும் எஸ்டேட் வேலை; மகள் உதகையில் பட்டப்படிப்பு சேர்கிறாள். என்னென்ன உதவித்தொகை கிடைக்கும், நடுவில் நின்றுபோகாமல் எப்படி வாங்குவது?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு உதவித்தொகை போவதைவிட, எல்லாம் சரியாகி அனுப்பிய பணம் கணக்கில் விழாமல் திரும்பிப் போவதுதான் நம் பக்கத்தில் அதிகம். அதனால் எந்தத் திட்டம் என்பதற்கு முன் வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

இப்போது பெரும்பாலான உதவித்தொகை ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் கணக்கு எண் ஒன்றாகவும், ஆதாரோடு பணம் பெறுவதற்காகச் 'சீடிங்' ஆகியிருக்கும் கணக்கு வேறாகவும் இருக்கலாம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம், லிங்க் ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். அது கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்ற அடையாளச் சரிபார்ப்பு, மட்டும். பணம் வர, வங்கியில் சீடிங் ஒப்புதல் படிவம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குத்தான் சீடிங்கில் இருக்கும். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அதற்கே பணம் போகும். புது சிம் வாங்கும்போது கைரேகை வைத்ததில் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, சீடிங் அங்கே மாறியிருப்பதும் உண்டு. 'பணம் வரவில்லை' என்று அலைகிறவர்களில் சிலருக்குப் பணம் அங்கேதான் கிடக்கும். மைஆதார் தளத்தில் உள்ளே போய் வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள். எந்த வங்கி, சீடிங் உயிரோடு இருக்கிறதா என்று அதுவே சொல்லும்.

அதைப் பார்க்க ஓடிபி வர வேண்டும். மலையில் இதுவே பெரிய தொல்லை. எந்த டவர் கிடைக்கிறதோ அந்த சிம்முக்கு மாறிக்கொண்டே இருப்போம், ஆதாரில் இருப்பது பழைய எண். மொபைல் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம், அல்லது தபால்காரர் மூலம் அஞ்சல் வங்கிச் சேவையாகச் செய்யலாம். லைன் வீடுகளுக்கே தபால்காரர் வருகிற எஸ்டேட்டில் இரண்டாவது வழி சுலபம். மகளுக்கு 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கண் பதிவுப் புதுப்பிப்பு முடிந்ததா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் முக அடையாளம் சரிபார்க்கும்போது இடறும். பெயரும் முக்கியம்: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்றால் போர்ட்டல் ஏற்காமல் போகலாம். ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. மதிப்பெண் பட்டியலில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆதாரில் கொண்டுவருவதே சரி.

வங்கியில் முழு கேஒய்சி இல்லாமல் திறந்த பழைய 'சின்னக் கணக்கு' என்றால் இருப்புக்கு 50,000 ரூபாய், வருட வரவுக்கு 1 லட்சம் என்று பொதுவாக வரம்பு உண்டு. கல்விக் கட்டணமும் சேர்ந்து வரும் படிப்பு என்றால் முழு கேஒய்சி கொடுத்து சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால் கணக்கு முடங்கலாம். பள்ளியில் திறந்துவிட்டு மறந்த கணக்கு இருந்தால் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் இ-சேவையில் எடுத்த, எண்ணோடு கூடிய டிஜிட்டல் சான்றாக இருக்க வேண்டும். கையால் எழுதிய பழைய அட்டை பள்ளியில் செல்லுபடியாகியிருக்கும், கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் அரசுத் தளமான யூமிஸில் செல்லாது. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்டி வரும். ஆதிதிராவிடர் சான்று தாசில்தார் தருவது. பழங்குடியினர் சான்று வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தருவது, விசாரணைக்கு நாளாகும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திராமல் பத்தாம் வகுப்பிலேயே மனுப் போடுவது நல்லது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் அப்பா அம்மாவுக்கே சாதிச் சான்று இல்லாத வழக்கு நிறைய. தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, தாத்தா அல்லது அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்று, உடன்பிறந்தவர் யாருக்காவது கொடுத்த சான்று ஆகியவற்றைத் தேடி எடுத்து மனுவோடு வையுங்கள்.

வருமானச் சான்றில்தான் எஸ்டேட் குடும்பங்கள் அதிகம் கோட்டைவிடுகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கும், பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் உதவித்தொகைக்கும் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்தால், 26 நாள், 12 மாதம் என்று பெருக்கினால் ஒருவருக்கு 1,40,400, இருவருக்கு 2,80,800. வரம்பைத் தாண்டியாயிற்று. ஆனால் வருடம் முழுக்க 26 நாள் யாருக்கு வேலை இருக்கிறது? பனியிலும் மழையிலும் கொழுந்து குறையும், உடம்புக்கு முடியாத நாள் உண்டு. உண்மையில் ஆளுக்கு 250 நாள் வேலை என்றால் இருவருக்கும் 2,25,000தான். 8.33 சதவீத போனஸைச் சேர்த்தாலும் 2,43,750க்குள் நிற்கும். 20 சதவீத போனஸ் என்றால் 2,70,000, அப்போது வரம்புக்கு வெளியேதான். எனவே வி.ஏ.ஓ. உத்தேசமாக எழுதும்படி விடாமல், எஸ்டேட் ஆபீசில் சென்ற வருடத்துச் சம்பளம் முழுவதற்கும் ஒரு சீட்டு, முத்திரையோடு, வாங்கி மனுவில் இணைத்துவிடுங்கள். ஒருவர் வருமானத்தை மறைத்து எடுக்கும் சான்று பின்னால் சரிபார்க்கும்போது மாட்டும். இந்த வழியை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள். ஏப்ரலில் எடுத்தது அடுத்த ஏப்ரலில் செத்துவிடும், விண்ணப்பமோ பெரும்பாலும் மழைக்காலத்துக்குப் பிறகு சூடுபிடிக்கும். மே, ஜூனில் எடுத்தால் அந்தக் கல்வியாண்டு முழுக்கத் தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் மரம் விழுந்து மின்சாரமும் நெட்டும் போய்விட்டால் இ-சேவையில் காத்துக் கிடப்பதுதான் மிச்சம்.

இப்போது திட்டங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண், மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. வருமான வரம்பு இல்லை, வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகள் என்ற கணக்கும் இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். நம் மாவட்டத்தில் இங்கேதான் சிக்கல்: உதகை, குன்னூரில் உதவிபெறும் பள்ளிகளில் ஆங்கிலவழி வகுப்பும் உண்டு, அதில் படித்திருந்தால் இது கிடைக்காது. தம்பிக்கு இதே போல் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டுக்கும் நீங்கள் தனியே மனுப் போட வேண்டாம். கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பாளர் (நோடல் ஆபீசர்) யூமிஸ் வழியாக ஏற்றுவார். அவரிடம் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறைத் தளத்தில் பிள்ளைக்கு உள்ள எண்ணை, கொடுக்க வேண்டும், அதனால் மாற்றுச் சான்று வாங்கும் அன்றே எமிஸ் எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள். அஞ்சல்வழிப் படிப்புக்கு இது இல்லை.

சாதி அடிப்படையிலான உதவித்தொகையும் இப்போது யூமிஸ் வழிதான். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். போன்ற படிப்புக்கு ஆதிதிராவிட மாணவிக்கு, கட்டாயக் கட்டணங்களுக்கு மேல் தனியாக, ஆண்டுக்குப் பராமரிப்புத் தொகை விடுதியில் இருந்தால் 6,000, வீட்டிலிருந்து போய்வந்தால் 3,000. இதில் மாநிலம் 40, மத்திய அரசு 60 சதவீதம் என்பதால் பணம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணையைப் பார்த்து 'குறைத்துவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போக வேண்டாம். கல்லூரி கட்டணம் வாங்காமல் சேர்த்திருந்தால், கணக்கில் வரும் தொகையில் கல்லூரியின் பங்கும் இருக்கலாம். அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுத் தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட்டுக்கு அல்லாடுவது வருடந்தோறும் நடக்கிறது. தனியார் கல்லூரி என்றால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர வேண்டாம், அந்த இடத்துக்குக் கட்டண உதவி வராது.

பி.சி., எம்.பி.சி. மாணவி அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு சேர்ந்தால் இலவசக் கல்வித் திட்டம் உண்டு, அதற்கு வருமான வரம்பு கேட்பதில்லை. முதல் பட்டதாரிச் சான்றைப் பலர் வீணாகத் தேடி அலைகிறார்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கவுன்சலிங் வழி சேர்கிறவர்களுக்குத்தான் அது பயன். அண்ணனோ அக்காவோ அஞ்சல்வழியில் ஒரு பட்டம் வாங்கியிருந்தாலும் அந்தச் சலுகை போய்விடும்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், அதாவது வாரியத்தில் முதல் 20 சதவீத மாணவர்களுக்குள் என்றால், தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000, குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை. ஆனால் வேறு எந்த உதவித்தொகையும் வாங்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. போஸ்ட் மெட்ரிக் கிடைப்பவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2.5 லட்சத்தைச் சற்றுத் தாண்டிய எஸ்டேட் வீடுகளுக்கு இந்த மத்தியத் திட்டம் பொருந்தும். விண்ணப்பத்தை அனுப்பியதோடு விடாதீர்கள். கல்லூரி குறை கண்டு திருப்பியிருந்தால் 'டிஃபெக்டிவ்' என்று காட்டும். அதற்கென்று கொடுத்த நாட்களுக்குள் திருத்தாவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டு ஏன் நின்றுபோகிறது? முதல் காரணம் யாரும் புதுப்பிக்கவில்லை. தானாக வரும் என்று இருந்துவிடுவார்கள். தேசியத் தளத்தில் பழைய பதிவிலேயே உள்ளே போய்ப் 'புதுப்பித்தல்' கொடுக்க வேண்டும், புதிதாக இன்னொரு பதிவு போட்டால் இரண்டும் சிக்கும். அடுத்தது வருகை. 75 சதவீதம் வேண்டும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனால் முதலில் அடிபடுவது இதுதான். பாதை சரிந்து பஸ் வராத நாளும், கல்லூரி விடுமுறை அறிவிக்காவிட்டால், ஆப்சென்ட்தான். அன்றே துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மத்தியத் திட்டத்துக்கு வருகையோடு 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். போஸ்ட் மெட்ரிக்குக்கு அடுத்த ஆண்டுக்கு ஏற்றம் கிடைத்தாலே போதும், ஓர் அரியர் இருப்பதால் பயப்பட வேண்டாம்.

கல்லூரி மாறினாலும் தடங்கல் வரும். கூடலூரில் சேர்ந்து பிறகு உதகைக்கு மாறினால், பழைய கல்லூரி யூமிஸில் பெயரை விடுவித்த பிறகுதான் புதிய கல்லூரி சேர்க்க முடியும். மாற்றுச் சான்றோடு இதையும் கேட்டு வாங்குங்கள். பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சுல்தான் பத்தேரியில் சேரும் முன் ஒன்று யோசிக்கட்டும்: புதுமைப்பெண் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் வழியாகத்தான் வருகிறது. ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் தொகையைத் தர வேண்டியது சொந்த மாநிலம், கேரளம் அல்ல.

தினமும் போய்வர முடியாத தொலைவு என்றால் அரசு விடுதிக்கு மனுப் போடுங்கள்; தங்கலும் சாப்பாடும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. விடுதியில் இடம் கிடைத்த பிறகு யூமிஸிலும் 'விடுதி மாணவி' என்று மாற்றச் சொல்லுங்கள்.

உங்களுக்கென்றே இன்னும் இரண்டு உண்டு, கேட்பவர்கள் குறைவு. தோட்டத் தொழிலாளர் சம்பளத்தில் தொழிலாளர் நல நிதிக்குப் பிடித்தம் இருக்கும். அது பிடிக்கப்படுகிறவரின் பிள்ளைக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் கல்வி உதவித்தொகை தருகிறது. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்து, எஸ்டேட் ஆபீசில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இன்னொன்று தேயிலை வாரியத்தின் கல்வி உதவி, தொழிலாளர் பிள்ளைகளுக்கும் சிறு தேயிலை விவசாயிகள் பிள்ளைகளுக்கும். குன்னூரில் வாரிய அலுவலகம் இருக்கிறது. இந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று ஜூன் முதலே கேட்டுக்கொண்டிருங்கள்.